தண்டவாள ஆணியும் பழங்காலக் கோடரியும்

அமெரிக்காவில் விந்தையான பொழுதுபோக்கு ஒன்று உண்டு. முற்காலத்து மக்களைப் போல உடை உடுத்தி, அவர்களைப் போலவே கூடாரம் அடித்து, விறகு மூட்டிச் சமைத்து, சில நாட்கள் அந்தக் காலத்திலேயே வாழ்ந்து பார்ப்பார்கள். இவர்களுள் ஒரு சாரார் தேர்ந்துகொள்ளும் காலம் 1825 முதல் 1840 வரை உள்ள பதினைந்து ஆண்டுகள். பீவர் என்னும் விலங்கின் தோலுக்காக ராக்கி மலைப் பகுதிகளில் அலைந்து திரிந்த வேட்டைக்காரர்கள், ஆண்டுக்கு ஒரு முறை கோடையில் ஓரிடத்தில் கூடுவார்கள். தோலைக் கொடுத்துவிட்டு வெடிமருந்து, கத்தி, கோடரி, காப்பி முதலியவற்றை வாங்கிச் செல்வார்கள். அந்தச் சந்தையைத்தான் இன்று மீண்டும் நடத்திப் பார்க்கிறார்கள். 1840-க்குப் பிற்பட்ட பொருள் எதுவும் கூடாரத்துக்கு வெளியே தலைகாட்டக் கூடாது என்பது இத்தகைய கூட்டங்கள் பலவற்றில் விதி.

இந்த விதியோடு மோதும் பொருள் ஒன்று இருக்கிறது. அதுதான் தண்டவாள ஆணியை உலையில் காய்ச்சி அடித்துச் செய்த கத்தி அல்லது கைக்கோடரி. தண்டவாளத்தை மரச் சிலீப்பர் கட்டையோடு பிணைக்கும் ஆணி சுமார் 15 சென்டிமீட்டர் நீளமும், விரல் பருமனும் உள்ள சதுரக் கம்பி. அதன் நுனி உளிபோலத் தட்டையாக இருக்கும். தலை ஒரு பக்கம் மட்டும் கொக்கிபோல நீண்டு தண்டவாளத்தின் அடியைக் கவ்விப் பிடிக்கும். கத்தி செய்கிற கொல்லர் இந்தத் தலையை அப்படியே விட்டுவிட்டு, நடுப் பகுதியை முறுக்கிக் கைப்பிடியாக்கி, நுனியைத் தட்டி அலகாக்குகிறார். பார்க்க அழகாகவே இருக்கிறது. “பழைய மேற்குப் பகுதிக் கொல்லர்கள் செய்த முறை” என்று சொல்லி விற்பவர்களும் உண்டு.

உண்மையிலேயே அக்காலக் கொல்லர்கள் இப்படிச் செய்தார்களா? கொல்லன் எந்தக் காலத்திலும் கைக்குக் கிடைத்த பழைய இரும்பைத்தானே அடித்தான் என்கிறது ஒரு கட்சி. அந்தக் காலத்தில் இரயிலே கிடையாதே என்கிறது இன்னொரு கட்சி. இரண்டிலும் கொஞ்சம் உண்மை இருக்கிறது. ஆனால் வாய்ச் சண்டையால் தீராத இந்த வழக்கில் சாட்சி சொல்லக்கூடிய ஒருவர் இருக்கிறார். அவர் அந்த இரும்பேதான்.

முதலில் காலக்கணக்கு

எளிய பகுதியை முதலில் முடித்துவிடுவோம். அமெரிக்காவின் பால்டிமோர் – ஒஹையோ இருப்புப்பாதை 1830-இல் தன் முதல் 13 மைல் தூரத்தைத் திறந்தது. அந்நாளைய அமெரிக்கப் பாதைகள் பலவற்றில் இன்று நாம் காணும் தண்டவாளமே இல்லை. நீண்ட மரச்சட்டங்களின் மேல் தட்டையான இரும்புப் பட்டையை அறைந்திருப்பார்கள். அடிப்பாகம் அகன்ற தண்டவாளத்தை வடிவமைத்தவர் ராபர்ட் ஸ்டீவன்ஸ். 1830-இல் இங்கிலாந்து செல்லும் கப்பலில் இருந்தபடியே மரத்துண்டில் அதன் மாதிரியைச் செதுக்கினார் என்பர். அகன்ற அடியைக் கவ்விப் பிடிக்க ஒரு கொக்கித் தலை ஆணி வேண்டுமல்லவா? அதுவும் அவர் கருத்தே. இத்தகைய ஆணிகளை இயந்திரத்தால் செய்யும் முறைக்கு நியூயார்க் மாநிலத்து டிராய் நகரைச் சேர்ந்த ஹென்றி பர்டன் 1840-இல் காப்புரிமை பெற்றார்.

ஆகவே கொக்கித் தலை ஆணி 1830-க்கு முன் உலகிலேயே இல்லை. அதற்குப் பிறகும் அது இருந்த இடம் அமெரிக்காவின் கிழக்குக் கரை. பீவர் வேட்டைக்காரர்களோ ஆயிரத்தைந்நூறு மைலுக்கும் அப்பால் இருந்தார்கள். இருப்புப்பாதை ராக்கி மலையடிவாரத்துச் செயன் நகரை எட்டிப் பிடித்தது 1867-இல். கண்டத்தின் கிழக்கையும் மேற்கையும் இணைத்த பாதை முடிந்தது 1869 மே 10-இல். வேட்டைக்காரர் சந்தை நின்றுபோய் அப்போது ஏறத்தாழ முப்பது ஆண்டுகள். 1835-ஆம் ஆண்டு வேட்டைக்காரர் இடுப்பில் தண்டவாள ஆணிக் கோடரி தொங்கியிருக்க வழியே இல்லை.

இது சுலபமான வழக்கு. ஒருவர் கொஞ்சம் புத்திசாலித்தனமாக, “என் கோடரி 1835-இல் அல்ல, 1870-இல் செய்த மாதிரி” என்று சொன்னால்? அப்போது பாதையும் இருந்தது, ஆணியும் இருந்தது, பாதையோரத்தில் கொல்லுப் பட்டறைகளும் இருந்தன. காலக்கணக்கு இங்கே கைவிட்டுவிடுகிறது. இனி உலோகத்தைக் கேட்க வேண்டும்.

உருகாத இரும்பும் உருகிய இரும்பும்

இரும்பு, எஃகு என்று இரண்டு பெயர் சொல்லி முடித்துவிடுகிறோம். இரயிலின் வரலாற்றைப் புரிந்துகொள்ளத் தேனிரும்பு என்னும் மூன்றாவது பெயரும் தேவை. வேதியியல் பாடத்தில் படித்திருப்பீர்கள். கார்பன் மிக அதிகமாக, அதாவது 3 அல்லது 4 சதவீதம் உள்ளது வார்ப்பிரும்பு. அது எளிதில் உருகும். ஆனால் சம்மட்டியால் அடித்தால் உடையும். கார்பன் ஏறக்குறைய முழுவதும் நீங்கியது தேனிரும்பு. அடித்தால் நெளியும், நீளும், ஒட்டும். இரண்டுக்கும் நடுவே நிற்பது எஃகு.

தேனிரும்பைப் பெரிய அளவில் செய்யும் முறையை 1784-இல் ஹென்றி கார்ட் என்ற ஆங்கிலேயர் கண்டார். உலையில் உருகிய வார்ப்பிரும்பை நீண்ட கோலால் கிளறிக் கிளறி அதிலுள்ள கார்பனை எரித்துவிடுவது அவர் முறை. இங்கே ஒரு வேடிக்கை நடக்கிறது. கார்பன் குறையக் குறைய இரும்பின் உருகுநிலை ஏறிக்கொண்டே போகும். தூய இரும்பு உருக 1538 டிகிரி சென்டிகிரேடு வேண்டும். அந்நாளைய உலைகளில் அவ்வளவு வெப்பம் கிடையாது. ஆகவே கிளறிக்கொண்டிருக்கும்போதே இரும்பு கெட்டிப்பட்டுப் பிசைந்த மாவுபோல் ஆகிவிடும். அதைத் திரட்டி எடுத்து, சம்மட்டியால் அடித்துக் கசடைப் பிழிந்து வெளியேற்றுவார்கள். எவ்வளவு பிழிந்தாலும் ஒன்றிரண்டு சதவீதம் கசடு உள்ளேயே தங்கிவிடும். கம்பியாக உருட்டும்போது இந்தக் கசடும் இரும்போடு சேர்ந்து நீண்டு, மெல்லிய நார்களாக உலோகத்துக்குள் படிந்துவிடும். தேனிரும்புக் கம்பியைப் பாதி வெட்டிவிட்டு வளைத்து முறித்தால், முறிந்த முகம் பச்சை மூங்கிலைப் பிளந்ததுபோல நார்நாராகத் தெரியும். நமது வழக்கின் முக்கியத் தடயம் இந்தக் கசடு நார்தான்.

1820-இல் இங்கிலாந்தில் ஜான் பர்க்கின்ஷா தேனிரும்பில் நீண்ட தண்டவாளங்களை உருட்டும் முறைக்குக் காப்புரிமை பெற்றார். அடுத்த சில பத்தாண்டுகளுக்கு உலகத்தின் இருப்புப்பாதைகள் தேனிரும்பின் மேல்தான் ஓடின. ஆனால் அதற்கு ஒரு குறை இருந்தது. மென்மையான உலோகம்; சக்கரங்கள் உருளும்போது நசுங்கும்; கசடு நார்கள் உள்ள இடத்தில் ஏடு ஏடாகப் பிரியும். இங்கிலாந்தின் டார்பி இரயில் நிலையத்தில் நெரிசல் மிகுந்த ஓரிடத்தில் ஆறு மாதத்துக்குள்ளேயே தண்டவாளத்தை மாற்ற வேண்டியிருந்தது.

அந்த இடத்தில்தான் 1857-இல் ஒரு சோதனை நடந்தது. முந்திய ஆண்டு ஹென்றி பெஸ்ஸிமர், உருகிய வார்ப்பிரும்புக்குள் காற்றைப் பாய்ச்சி எஃகாக்கும் தம் முறையை அறிவித்திருந்தார். காற்றிலுள்ள ஆக்சிஜன் கார்பனையும் சிலிக்கனையும் எரிக்கும். அந்த எரிதலின் வெப்பமே இரும்பை உருகிய நிலையில் வைத்திருக்கும். விறகோ நிலக்கரியோ வேண்டாம். கேட்கவே அதிசயமான முறை; ஆனால் கிடைத்த உலோகம் அடிக்கும்போது நொறுங்கியது. ராபர்ட் மஷெட் என்பவர் அதோடு மாங்கனீசு கலந்த இரும்பைச் சேர்த்து அந்தக் கோளாறைச் சரிசெய்தார். அவர் செய்து கொடுத்த எஃகுத் தண்டவாளத்தை டார்பியில் பதித்தார்கள். நாளொன்றுக்குச் சுமார் 700 வண்டிகள் அதன் மேல் சென்றன. அந்தத் தண்டவாளம் எத்தனை காலம் தாங்கியது தெரியுமா? 1873 வரை, பதினாறு ஆண்டுகள்! பெஸ்ஸிமரின் பெயர் எல்லாப் பாடப்புத்தகங்களிலும் இருக்க, மஷெட்டின் பெயர் பலவற்றில் இல்லாமலிருப்பது நியாயம் என்று எனக்குத் தோன்றவில்லை.

அமெரிக்காவில் முதல் பெஸ்ஸிமர் எஃகுத் தண்டவாளம் 1865-இல் சிகாகோவில் உருட்டப்பட்டது. ஆனால் எஃகு விலை அதிகம். 1869-இல் முடிந்த கண்டம் கடக்கும் பாதையில் பதித்தவை தேனிரும்புத் தண்டவாளங்களே. 1870-களின் இறுதியில்தான் அங்கே எஃகின் கை ஓங்கியது. பின்னர் ஆணி, மறையாணி எல்லாம் படிப்படியாக எஃகுக்கு மாறின.

பெஸ்ஸிமர் முறையில் உலோகம் முழுவதும் உருகி நீராக இருக்கிறது. அதனால் கசடு மேலே மிதந்து வந்துவிடும். உள்ளே நார் படிய வழியில்லை. இதற்கு முன்னும் உருகிய எஃகு இருந்தது உண்மைதான். மூசையில் வைத்து உருக்கும் முறையை நம் தென்னிந்தியக் கொல்லர்கள் இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முன்பே அறிந்திருந்தார்கள். 18-ஆம் நூற்றாண்டில் இங்கிலாந்தின் ஹண்ட்ஸ்மன் தம் வழியில் அதைச் செய்தார். ஆனால் மூசை எஃகு கார்பன் மிகுந்தது, விலை உயர்ந்தது, ஆணி அடிக்க அதை யாரும் வீணாக்க மாட்டார்கள். ஆகவே கார்பன் குறைவாகவும், அதே சமயம் கசடு நார் இல்லாமலும் உள்ள ஓர் இரும்புத் துண்டு உங்கள் கையில் கிடைத்தால், அது 1856-க்குப் பிற்பட்டது என்று தைரியமாகச் சொல்லலாம். இன்றைய தண்டவாள ஆணி அப்படிப்பட்ட துண்டுதான். 1864-ஆம் ஆண்டுப் பொருள் என்று சொல்லி அதில் அடித்த கத்தியை விற்றால், கத்தியே விற்பவரைக் காட்டிக்கொடுத்துவிடும்.

ஆணி ஏன் நல்ல கத்தி ஆகாது?

வரலாறு இருக்கட்டும், கத்தி வெட்டுகிறதா என்று கேட்பீர்கள். வெட்டும், ஆனால் கூர் நிற்காது. காரணத்தை ஒரு தையல் ஊசியையும் ஓர் இரும்புக் கம்பியாணியையும் கொண்டே பார்த்துவிடலாம். பள்ளி ஆய்வுக்கூடத்தில், ஆசிரியர் அருகில் இருக்கும்போது, கண்ணாடியணிந்து செய்யுங்கள்.

ஊசியை இடுக்கியால் பிடித்து, பன்சன் அடுப்பின் சுடரில் செக்கச் சிவக்கக் காய்ச்சி, சுடரிலிருந்து மெல்ல மெல்ல வெளியே எடுத்து ஆறவிடுங்கள். ஆறிய ஊசி எளிதில் வளையும். வளைத்தால் வளைத்தபடியே இருக்கும். மீண்டும் சிவக்கக் காய்ச்சி, இம்முறை சட்டென்று தண்ணீரில் போடுங்கள். இப்போது வளைக்க முயன்றால் படக்கென்று ஒடிந்துவிடும். மூன்றாவதாக இன்னோர் ஊசியை இதேபோல் காய்ச்சித் தண்ணீரில் போட்டு, உப்புத்தாளால் தேய்த்துப் பளபளப்பாக்கி, சுடருக்கு மேலே எட்டப் பிடித்து மெதுவாகச் சூடாக்குங்கள். பளபளப்பு வைக்கோல் நிறமாகும். பிறகு பழுப்பு, ஊதா, நீலம் என்று மாறும். நீலம் வந்ததும் நிறுத்திவிடுங்கள். இப்போது ஊசி வில்போல் வளைந்து மீண்டும் நிமிரும்.

இதே வேலைகளைக் கம்பியாணியில் செய்து பாருங்கள். காய்ச்சித் தண்ணீரில் போட்டாலும் போடாவிட்டாலும் அது ஏறக்குறைய அப்படியேதான் இருக்கும். எவ்வளவு சிவக்கக் காய்ச்சினாலும் ஒடியாது, வளையும்.

வேறுபாடு கார்பனில் இருக்கிறது. எஃகைச் சிவக்கக் காய்ச்சும்போது அதன் அணுக்களின் அடுக்குமுறை மாறி, கார்பன் அணுக்களுக்கு உள்ளே இடம் கிடைக்கிறது. மெதுவாக ஆறினால் அவை வெளியேறி வேறிடத்தில் சேர்ந்துகொள்ளும். சட்டென்று குளிர்வித்தால் வெளியேற நேரமில்லை, அகப்பட்டுக்கொள்கின்றன. அவற்றால் திணறிப்போன இரும்பின் அடுக்கு எந்தப் பக்கமும் நழுவ முடியாமல் விறைத்துவிடுகிறது. இதுவே கடினம். அகப்படும் கார்பன் அதிகமானால் கடினமும் அதிகம். பிறகு மிதமாகச் சூடாக்கும்போது அந்த விறைப்பில் கொஞ்சம் தளர்கிறது. ஒடியும் குணம் குறைகிறது. வைக்கோல் நிறம் சுமார் 220 முதல் 230 டிகிரியிலும், நீலம் சுமார் 300 டிகிரியிலும் தோன்றும். தண்ணீரின் மேல் எண்ணெய்ப் படலம் வண்ணம் காட்டுவது போலத்தான் இதுவும். எஃகின் மேல் படியும் ஆக்சைடு படலம் தடிக்கத் தடிக்க நிறம் மாறுகிறது. வெப்பமானி இல்லாத காலத்தில் கொல்லர்களுக்கு இந்த நிறங்களே வெப்பமானி. தோய்ச்சல், பதம் பார்த்தல் என்று நம் ஊர்ப் பட்டறைகளில் சொல்வது இதைத்தான்.

கத்தி அலகு நன்றாகக் கடினப்படச் சுமார் 0.6 சதவீதத்துக்கு மேல் கார்பன் வேண்டும். அமெரிக்கத் தண்டவாள ஆணிகளில் சிலவற்றின் தலையில் ‘எச்.சி.’ என்று இரண்டு ஆங்கில எழுத்துகள் பொறித்திருக்கும். ‘கார்பன் மிகுந்தது’ என்பது அதன் பொருள். அதைக் காட்டி, இது உயர்ந்த எஃகு, நல்ல கத்தியாகும் என்று பலர் நம்புகிறார்கள். ஆனால் அந்த ‘மிகுந்த’ கார்பன் சுமார் 0.3 சதவீதமே, மற்ற ஆணிகளில் அதனினும் குறைவு. ஆணிகளுக்குள் அது பணக்காரன். கத்தி எஃகுகளுக்கு முன் ஏழை.

ஆணியை இப்படிக் கார்பன் குறைவாகச் செய்வது கஞ்சத்தனத்தால் அல்ல. வண்டி ஓடும்போது தண்டவாளம் ஒவ்வொரு சக்கரத்தின் கீழும் தாழ்ந்து எழும். அதைக் கவ்விய ஆணி அந்த இழுப்புக்குக் கொஞ்சம் வளைந்து கொடுக்க வேண்டும். ஊசிபோல் ஒடிந்துவிட்டால் ஆபத்து. தண்டவாளத்தின் வேலை வேறு. அது தேயக் கூடாது. ஆகவே இந்திய இரயில்வேயின் தண்டவாள எஃகில் 0.6 முதல் 0.8 சதவீதம் வரை கார்பன் உண்டு. மாங்கனீசும் ஒரு சதவீதம் அளவுக்கு உண்டு. கான்கிரீட் சிலீப்பர்களில் ஆணிக்குப் பதிலாகத் தண்டவாளத்தை அழுத்திப் பிடிக்கும் வளைந்த கம்பியைப் பார்த்திருப்பீர்கள். அது சிலிக்கனும் மாங்கனீசும் கலந்த வில் எஃகு. எப்போதும் விறைப்பாக அழுத்திக்கொண்டே இருப்பது அதன் வேலை. ஒரே பாதையில், ஒன்றையொன்று தொட்டுக்கொண்டு, மூன்று விதமான குணங்கள்! கத்தி செய்ய விரும்பும் கொல்லர் ஆணியை விட்டுவிட்டுத் தண்டவாளத் துண்டை எடுத்தால் நல்ல உளியே கிடைக்கும்.

அப்படியானால் அக்காலத்தார் எதில் செய்தார்கள்?

வேட்டைக்காரர் காலத்துக் கோடரிகள் பல தப்பிப் பிழைத்து அருங்காட்சியகங்களில் உள்ளன. அவற்றைச் செய்த முறை சிக்கனமும் அறிவும் கலந்தது. தேனிரும்புப் பட்டை ஒன்றைக் காய்ச்சி, ஒரு கோலைச் சுற்றி மடித்து இரு முனைகளையும் சேர்ப்பார்கள். மடிந்த இடம் காம்பு நுழையும் துளையாகிவிடும். சேர்ந்த முனைகளுக்கு இடையே சிறு எஃகுத் துண்டைச் சொருகி, வெண்சூட்டில் அடித்து ஒன்றாக்குவார்கள். அடிப்பாகம் மென்மையாக அதிர்ச்சியைத் தாங்கும்; வாய் மட்டும் எஃகு. விலை உயர்ந்த எஃகு எங்கே தேவையோ அங்கே மட்டும்! பழைய அரிவாள், கோடரிகளில் நம் கொல்லர்களும் வாய்க்கு உருக்கு வைத்து அடித்தவர்கள்தாம். பின்னாளில் லாரி ஸ்பிரிங் பட்டை மலிவாகக் கிடைக்கத் தொடங்கியதும், முழு அரிவாளையும் அதிலேயே அடிப்பது வழக்கமாயிற்று.

பழைய தண்டவாளங்கள் எங்கே போயின என்பதும் கவனிக்கத்தக்கது. அவை பாதையோரக் கொல்லரிடம் போனது குறைவு. 1860-களின் தேனிரும்புத் தண்டவாளம் கஜத்துக்கு 56 பவுண்டு, அதாவது மீட்டருக்கு 28 கிலோகிராம் எடையுள்ளது. அந்தப் பருமனை ஒரு மனிதர் சம்மட்டியால் அடித்துக் கத்தியாக்குவது என்றால் நாள் போதாது, கரியும் போதாது. துண்டாகக் கிடைத்தால் பட்டடையாக வைத்துக்கொள்ளலாம். மேலும் தேய்ந்த தண்டவாளம் குப்பையல்ல, பணம். இரயில் கம்பெனிகள் அதை ஆலைக்கே திருப்பி அனுப்பி, காய்ச்சி, மீண்டும் புதிய தண்டவாளமாக உருட்டி வாங்கின. இன்றும் பழைய எஃகுத் தண்டவாளங்களை நீளவாக்கில் பிளந்து கட்டடக் கம்பிகளாகவும் வேலிக்கம்பங்களாகவும் உருட்டும் ஆலைகள் உண்டு. இருப்புப்பாதை இரும்பின் பெரும்பகுதி மறுபிறவி எடுத்தது கொல்லுப் பட்டறையில் அல்ல, உருட்டாலையில்தான்.

போர்க்காலம் இதற்கு விலக்கு. அமெரிக்க உள்நாட்டுப் போரில் 1862-இல் தென் மாநிலத்தார் ‘ஆர்கன்சா’ என்ற போர்க்கப்பலுக்குத் தண்டவாளங்களையே கவசமாகப் பொருத்தினார்கள். 1864-இல் வட மாநிலத் தளபதி ஷெர்மன் ஜார்ஜியாவின் பாதைகளைப் பெயர்த்தார். சிலீப்பர் கட்டைகளை அடுக்கித் தீ மூட்டி, அதன் மேல் தண்டவாளங்களைப் போட்டு, நடுவில் பழுத்ததும் மரத்தைச் சுற்றி வளைத்துவிடுவார்கள். வளைத்தால் மட்டும் போதாது, முறுக்கவும் வேண்டும் என்பது அவர் கட்டளை. ஏனெனில் வளைந்த தேனிரும்பை மறுபடி காய்ச்சி நிமிர்த்திப் பாதையில் போட்டுவிட முடியும். முறுக்கியதை ஆலைக்கு அனுப்பாமல் சரிசெய்ய முடியாது. தெற்கிலோ அத்தகைய ஆலைகள் மிகச் சில. தளபதிக்கு உலோகவியல் நன்றாகவே தெரிந்திருந்தது!

உண்மையாகவே இரயில் இரும்பு ஆயுதமான ஒரு நிகழ்ச்சியைச் சொல்ல வேண்டுமானால் ஆப்பிரிக்காவுக்குத்தான் போக வேண்டும். 1896-இல் மொம்பாசாவில் தொடங்கி 1901-இல் விக்டோரியா ஏரியை எட்டிய உகாண்டா இருப்புப்பாதையை அமைக்க ஏறத்தாழ 32,000 இந்தியத் தொழிலாளர்கள் சென்றார்கள். இன்றைய கென்யாவின் மேற்கு மலைப் பகுதியில் வாழ்ந்த நந்தி மக்கள், தங்கள் நிலத்தின் வழியே வந்த அந்தப் பாதையை எதிர்த்தார்கள். தந்திக் கம்பிகளை எடுத்து அணிகலன் செய்தார்கள். பாதையின் மறையாணிகளை எடுத்து ஆயுதங்கள் செய்தார்கள். மறையாணி கைக்கு அடக்கமானது. சிறு உலையிலேயே பழுக்கும். மென்மையான எஃகுதான் என்றாலும், ஈட்டி முனைக்குக் கத்தி அளவுக்குக் கடினம் தேவையில்லை. மீட்ட இரயில் இரும்பில் செய்த ஆயுதம் என்று ஒரு நந்தி ஈட்டியைச் சொன்னால், இடமும் காலமும் உலோகமும் மூன்றும் பொருந்தும்.

நம் நாட்டிலோ இரயில் இரும்பின் மிகப் பரவலான மறுபயன் உலைக்கே போகாதது. கயிற்றிலோ கம்பியிலோ தொங்கும் தண்டவாளத் துண்டு எத்தனையோ பள்ளிகளில் மணியாக ஒலித்திருக்கிறது. ஆனால் ஒன்று. பாதையோரம் கிடக்கும் ஆணியோ கிளிப்போ கண்ணில் பட்டால் தொடாதீர்கள். துருப்பிடித்துக் கிடந்தாலும் அது இரயில்வேயின் சொத்து. அதை வைத்திருப்பதே 1966-ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றமாகலாம். பாதையிலிருந்து ஒன்றைக் கழற்றுவதோ உயிர்களோடு விளையாடுவது. சோதனைக்குப் பழைய இரும்புக் கடையில் வேண்டிய அளவு கிடைக்கும்.

இரும்பை விசாரிக்கும் விதம்

இனி ஒரு கத்தி உங்கள் முன் வைக்கப்பட்டு, “இது 1865-ஆம் ஆண்டுப் பொருள்” என்று ஒருவர் சொல்கிறார் என்று வைத்துக்கொள்வோம். முதலில் அரம் போட்டுப் பார்க்கலாம். கடினப்பட்ட எஃகின் மேல் அரம் வழுக்கும்; மென்மையான இரும்பைக் கடிக்கும். அடுத்தது சாணைச் சக்கரம். கார்பன் மிகுந்த எஃகைச் சாணையில் பிடித்தால் பொறிகள் பூவாணம்போல் நுனியில் பல கிளைகளாக வெடிக்கும். கார்பன் குறைந்த எஃகில் வெடிப்பு மிகக் குறைவு. தேனிரும்பில் வெடிப்பே அநேகமாக இருக்காது. நீண்ட மங்கலான கோடுகள் மட்டும் தெரியும். பழகிய கண் இதைக் கொண்டே முக்கால்வாசி சொல்லிவிடும்.

உறுதியான சோதனை ஓர் ஓரத்தை மெருகிட்டு, மிக நீர்த்த நைட்ரிக் அமிலத்தால் நனைத்து, உருப்பெருக்கியில் பார்ப்பது. தேனிரும்பானால் மரத்தின் வரிகளைப் போலக் கசடு நார்கள் ஓடும். ஆணியை முறுக்கியிருந்தால் நார்களும் சுருளாக முறுக்கிக்கொண்டிருக்கும். எஃகானால் மேற்பரப்பு ஒரே சீராக இருக்கும். ஆய்வுக்கூட வசதி இருந்தால் மாங்கனீசின் அளவையும் அளந்து பார்க்கலாம். சாதாரணத் தேனிரும்பில் அது மிகக் கொஞ்சம். இன்றைய எஃகில் தெளிவாகத் தெரியும் அளவுக்கு இருக்கும். மஷெட் தொடங்கிவைத்த பழக்கம் இன்றுவரை நீடிக்கிறது அல்லவா?

சீரான, நாரில்லாத, கார்பன் குறைந்த உலோகம் என்று விடை வந்தால் வழக்கு முடிந்தது; 1865-ஆம் ஆண்டுக் கொல்லர் அதைக் கண்டிருக்க வாய்ப்பில்லை. ஆனால் கசடு நார் தெரிந்துவிட்டால் கத்தி பழையது என்று முடிவுகட்டிவிடக் கூடாது. இரும்பு பழையது என்பது மட்டும்தான் தெரிகிறது. கைவிடப்பட்ட பாதைகளிலிருந்தும் இடித்த பாலங்களிலிருந்தும் பழைய தேனிரும்பு இன்னும் கிடைக்கிறது. அதைத் தேடி வாங்கி அடிக்கும் கொல்லர்களும் இருக்கிறார்கள். 150 ஆண்டு பழைய ஆணியில் நேற்று அடித்த கத்திக்கு உலோகச் சோதனை எதையும் மாற்றிச் சொல்லாது. இந்தப் பொருள் இந்த ஆண்டுக்கு முன் இருந்திருக்க முடியாது என்று இரும்பு சொல்லும். எந்த ஆண்டில் சம்மட்டி அதன் மேல் விழுந்தது என்று சொல்லாது. அதனால்தான் நேர்மையான கொல்லர்கள் சிலர், பழைய மாதிரியில் பழைய இரும்பைக் கொண்டே செய்த பொருளானாலும், கைப்பிடியின் ஓரத்தில் தம் முத்திரையோடு செய்த ஆண்டையும் பொறித்துவிடுகிறார்கள்.